வண்டி நகர்ந்த இடத்தில் முடிந்த கவிதை

பிராங்கிளின் கவிதை எழுதி நான் பார்த்ததில்லை. சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவர் என்பதால் எழுத வராது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவர் கைப்பட எழுதிய டிரிப் ஷீட்டுகளைப் பார்த்திருக்கிறேன். அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. கவிதைக்கு மட்டும் பேனாவை எடுக்க மாட்டார். முன்னால் நிற்கும் வண்டி எந்த நேரத்தில் நகரும் என்று தெரியாது, குனிந்து எழுதிக்கொண்டிருந்தால் எவனாவது குறுக்கே மூக்கை நுழைத்துவிடுவான் என்பார்.

அவர் ஓட்டுவது கண்டெய்னர் ஏற்றும் டிரெய்லர். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில், கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு, துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்கும் டிரெய்லர்களை இந்தப் பக்கம் வந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். சில நாள் சட்டென்று உள்ளே போய்விடும். சில நாள் பகலும் ராத்திரியும் அங்கேயே கழியும். வண்டிக்கு அடியில் தூங்குவார்கள், சக்கரத்துக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டுவார்கள், பெட்டிக்கும் கேபினுக்கும் இடையில் கயிறு கட்டித் துணி காயப்போடுவார்கள். பிராங்கிளின் கிளீனராக இந்த வரிசைக்கு வந்தவர். இன்று அவருக்கு வயது நாற்பத்தைந்து. பிறந்தது, கல்யாணம் ஆனது, குடியிருப்பது எல்லாம் காத்திவாக்கத்தில். ஆனால் தன் விலாசம் எக்ஸ்பிரஸ் ரோடுதான் என்று சொல்லிக்கொள்வார்.

கவிதை அவருக்கு வந்த வழியையும் அவரே சொன்னார். வரிசையில் நிற்கும்போது கண்ணெதிரே இருப்பது முன்வண்டியின் பின்பக்கம் மட்டும்தான். அதில் ஏதாவது ஒரு வரி எழுதியிருக்கும். பொறாமைப்படாதே என்றோ, அன்னை தந்த பரிசு என்றோ. "ஒரே வரிய காலைலேந்து சாய்ந்தரம் வரைக்கும் பாத்துகினே இருந்தா அதுல எந்த எடத்துல நட்டு லூசுன்னு தெரிஞ்சிடும் நைனா" என்றார். அப்படித்தான் முதலில் மற்றவர் வரிகளை மனதுக்குள் இறுக்க ஆரம்பித்திருக்கிறார். பிறகு தன்னுடையதைச் சொல்லத் தொடங்கினார்.

என்னை நைனா என்றுதான் கூப்பிடுவார். நான் துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கப்பலில் ஏறும் சரக்கையும் இறங்கும் சரக்கையும் எண்ணிக் குறிப்பது என் வேலையாக இருந்தது. அந்தப் பழக்கத்தைக் காரணம் காட்டி, எங்கள் வாசிப்பு வட்டத்தின் கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பை என்னிடம் தள்ளிவிட்டார்கள். நான் கவிஞன் இல்லை. கேட்பவன்.

வட்டம் கூடுவது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உச்சிமாகாளி அண்ணாச்சியின் மொத்த மளிகைக் கடை மாடியில். அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். கீழே வியாபாரம், மேலே எதுகை மோனை. சுற்றிலும் மிளகாய் மூட்டைகள் அடுக்கியிருக்கும் அறையில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் உட்கார்ந்து தும்மிக்கொண்டே கவிதை படிப்போம்.

இந்த வட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. கூட்டத்தில் வாய்விட்டுப் படித்தது எதுவோ அதுவே கவிதை. காகிதம் செல்லாது. இந்தச் சட்டம் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஒருமுறை அண்ணாச்சி மழையைப் பற்றி ஒன்று படித்தார். அதில் மழை வெள்ளிக் கம்பிகளாக இறங்கியது. ராயபுரத்தில் ரயில்வே வேலை பார்க்கும் டெரிக், அந்தக் கம்பியைப் பழைய இரும்புக் கடையில் போட்டால்கூட எடுக்க மாட்டார்கள் என்று கேலி செய்தார். அடுத்த மாதம் கம்பியை நூலாக்கிக்கொண்டு வந்த அண்ணாச்சி, போன மாதமே நூல் என்றுதான் படித்தேன் என்று சாதித்தார். மற்றவர்கள் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். பிராங்கிளின் விடவில்லை.

"அண்ணாச்சி, இங்க இன்னா படிச்சீங்களோ அதான் கவித. வூட்டுக்குப் போயி ரிப்பேர் பாத்துகினு வந்தா அது வேற வண்டி."

எல்லோரும் கை தூக்கி அதைச் சட்டமாக்கினார்கள். அண்ணாச்சியும் தூக்கினார், கடைசியாக.

பிராங்கிளினின் மனைவி ஹெப்சிபா. எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் இறால் தலை கிள்ளும் வேலை. விடிவதற்கு முன்பே கொட்டகைக்குப் போய்விட வேண்டும். அதனால் சீக்கிரம் படுத்துவிடுவார். புருஷன் எப்போது வருவார் என்று தெரியாததால் கல்யாணமான நாளிலிருந்து கதவைத் தாழிடாமல் படுப்பது வழக்கமாக இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு பக்கத்து வீட்டில் யாரோ புகுந்து செல்போனையும் கேஸ் அடுப்பையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து தாழ்ப்பாள் விழுந்தது, கூடவே சண்டையும். தாழிட்டால் அவர் வந்து தட்டுகிறார், தூக்கம் கெடுகிறது. தாழிடாவிட்டால் பயத்திலேயே தூக்கம் வருவதில்லை. இன்று வருகிறேன், வரவில்லை என்று போனிலாவது சொல்லக் கூடாதா என்பது அவருடைய கேள்வி. போனில் சார்ஜ் நிற்பதில்லை என்பது இவருடைய பதில்.

அந்தச் சண்டை ஒன்றில்தான் ஹெப்சிபா கேட்டாராம். "உன் கவிதையில ஆர்பர் கீது, கிரேன் கீது, முன்னாடி வண்டிக்காரன்கூட கீறான். நான் எங்க கீறேன்?"

வட்டத்தின் கவிதைகள் புத்தகமாக வரப்போகின்றன என்ற செய்தி வந்தபோது பிராங்கிளினுக்குப் பதில் கிடைத்தது. புத்தகத்தில் வரும் என் கவிதையில் உன் பெயர் அச்சில் இருக்கும் என்று வாக்குக் கொடுத்தார். ஹெப்சிபா அதைக் கொட்டகை முழுக்கச் சொல்லிவிட்டார்.

புத்தகம் போட முன்வந்தவர் கார்குழலி. தெற்குச் சென்னையில் சிறிய பதிப்பகம் நடத்துகிறார், தானே பதிப்பாசிரியரும். ஆளுக்கு ஒரு கவிதை, அவரே தேர்ந்தெடுப்பார். எங்கள் சட்டத்தைக் கேள்விப்பட்டதும் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. காகிதம் கையில் வந்தால் என் பேனா தானாக ஓடும், அதனால் நானும் காதால் கேட்டே தேர்ந்தெடுக்கிறேன், போனில் பதிவு செய்து அதிலிருந்து அச்சுக்கோத்துக்கொள்கிறேன் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அவர் வந்த ஞாயிறு மதியம் நல்ல வெயில். மாடி ஏறியதும் அவருக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது.

"மேடம், இங்க கண்ணு கலங்குனா கவிதன்னு நெனச்சிக்காதீங்க" என்றார் டெரிக். "மொளகா."

கார்குழலி கறாரான ஆள். ஒவ்வொரு கவிதையையும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். எங்கே மூச்சு வாங்குகிறீர்கள், ஏன் அங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டார். டெரிக்கின் கவிதையில் இருந்த நட்சத்திரங்களை அள்ளி வெளியே போட்டார். அண்ணாச்சி மழையைப் பற்றிப் படித்த எண்சீர் விருத்தத்தில் கடைசி இரண்டு அடிகள் மட்டும் போதும் என்றார். பாதி மூட்டையைப் பிரித்து விற்கச் சொன்னது போல அண்ணாச்சி அவரைப் பார்த்தார். ஆனால் சொன்னதெல்லாம் காரணத்தோடு சொன்னார். அதை நான் மறுக்க மாட்டேன்.

பிராங்கிளின் வரவில்லை. முந்தைய நாள் மாலையே வரிசையில் மாட்டிக்கொண்டார். கார்குழலி இன்னொரு முறை வர முடியாது என்றதால் டெரிக் போன் போட்டார். சத்தம் பெரிதாகக் கேட்பதற்காக அண்ணாச்சி ஒரு எவர்சில்வர் படியை எடுத்து வைக்க, அதற்குள் போனை நிறுத்தினோம்.

"படிக்கட்டா?" என்று படிக்குள்ளிருந்து குரல் வந்தது. பின்னால் ஹாரன்கள்.

பல் விளக்கறான் பின்னாடி வண்டிக்காரன்.
துணி காயப்போடறான் முன்னாடி வண்டிக்காரன்.
நடுவுல நான்.

"ஒரு நிமிசம் மேடம், நவுர்த்திட்டு வந்துடறேன்." கியர் விழுந்தது. என்ஜின் உறுமியது. பிரேக் காற்று சீறி அடங்கியது. ஒரு வண்டி நீளம் நகர்ந்திருப்பார். கார்குழலி கையை உயர்த்தி எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார். மறுபடி குரல் வந்தது.

பொட்டிக்குள்ள இன்னா கீதோ தெரியாது.
சீலு வெச்சுக் குடுத்தாங்க.
எந்த ஊருக்குப் போவுதோ தெரியாது.
பேப்பர்ல இங்கிலீசு.
பாரம் மட்டும் தெரியும்.

மறுபடி கியர். என்ஜின். யாரோ யாரையோ திட்டும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. டெரிக் திரும்பத் திரும்ப முயன்று பார்த்தார். போன் அணைந்திருந்தது.

கார்குழலி கண்ணை மூடிக்கொண்டு, "பாரம் மட்டும் தெரியும்" என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். இன்று கேட்டதில் இதுதான் கவிதை என்றார். நான் குறிப்பில், பிராங்கிளின் தொலைபேசி வழியாக வாசித்தார், இடையில் இணைப்பு துண்டானது என்று எழுதினேன்.

மறுநாள் பிராங்கிளின் என் வீட்டுக்கே வந்தார். மீதி வரிகளை நின்றுகொண்டே சொன்னார்.

ஹெப்சிபா,
தாப்பா போட்டுகினு தூங்கு.
வந்தா தட்டுவேன்.
தட்டலன்னா
இங்கதான் கீறேன்.

கார்குழலியிடம் அன்றே போனில் தெரிவித்தேன். அச்சுப்படி பார்க்க வரும்போது பேசிக்கொள்ளலாம் என்றார். ஆனால் அடுத்த மாதம் அச்சுப்படி வந்தபோது கவிதை பாரத்தோடு நின்றிருந்தது.

அந்தக் கூட்டத்துக்கு பிராங்கிளின் வண்டியை இன்னொரு டிரைவரிடம் கொடுத்துவிட்டு நேரில் வந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். அவரவர் பக்கத்தை அவரவர் உரக்கப் படித்துப் பிழை சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. பிராங்கிளின் தன் பக்கத்தைப் படித்தார். பாரத்தில் நிற்காமல், காகிதத்தைப் பார்க்காமல், கடைசி வரை சொன்னார்.

கார்குழலி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நல்லாருக்கு" என்றார். "ஆனா கவிதை நீங்க நிறுத்தின இடத்துலயே முடிஞ்சிடுச்சு பிராங்கிளின். அதுக்கப்புறம் வர்றது வீட்டுக்கு எழுதற கடிதம்."

"நான் எங்க மேடம் நிறுத்துனேன்? வண்டி நவுந்துச்சு."

"தெரியும். தற்செயலா கிடைச்சாலும் முடிவு முடிவுதான். ‘பாரம் மட்டும் தெரியும்’னு விட்டா, அந்தப் பெட்டிய படிக்கிறவன் தூக்கிட்டுப் போவான். நீங்க மேல பேசினா, இறக்கி வெச்சிட்டுப் போயிடுவான்."

அவர் சொன்னது தப்பு என்று சொல்ல முடிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த இடத்தில் முடிந்தால் கவிதை நன்றாகத்தான் இருந்தது. எனக்கு எரிச்சலே அதுதான். நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். பிராங்கிளின் கேட்டது அது இல்லை.

தன் மனைவிக்குக் கொடுத்த வாக்கை அவர் சொன்னார். சபையில் அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது, காதுமடல் சிவந்தது. கார்குழலி உண்மையாகவே வருந்தினார். வேண்டுமானால் கவிதைக்கு மேலே ‘ஹெப்சிபாவுக்கு’ என்று போட்டுவிடலாமா என்று கேட்டார்.

"மேல போட்டா போஸ்டர்ல பேர் போடற மாதிரி கீது மேடம். உள்ள நான் எங்க கீறேன்னுதான் அவ கேட்டா. தாப்பா விசயம்தான் அவளுக்கு."

அப்போதுதான் அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார். இந்த நாளுக்காகக் காத்திருந்தவர் போல மெதுவாக ஆரம்பித்தார்.

"தம்பி, படிச்சதுதான் கவிதைன்னு சட்டம் போட்டது யாரு? நானா? எம் பாட்டுல ஒத்தச் சொல்ல மாத்துனதுக்கு என்னய மறிச்சு நின்னது யாரு? வீட்டுக்குப் போயி ரிப்பேர் பாத்தா வேற வண்டின்னு சொன்னிய. இப்ப அஞ்சு வரிய சேக்கச் சொல்லுதிய. எனக்கு ஒரு நியாயம், ஒமக்கு ஒரு நியாயமா?"

"இது ரிப்பேரு இல்ல அண்ணாச்சி. மொதல்லேந்தே இருந்தது."

"நானும் அதத்தான அன்னைக்குச் சொன்னேன்."

சிரிப்பு எழுந்தது. பிராங்கிளினும் சிரித்துவிட்டார், அடக்க முடியாமல். சிரித்துவிட்டதால் அவர் பக்கம் தோற்றுப்போனது.

டெரிக் அவர் தோளில் கை போட்டார். "மாமு, பேஜார் பண்ணாத. புக்கு வர்ற நேரம். கேசு தொறந்தா எல்லாரும் அவனவன் நட்சத்திரத்த திரும்பக் கேப்பான். நான் கேப்பேன்."

உண்மையும் அதுதான். ஒருவருக்கு மாற்றினால் எல்லோருக்கும் மாற்ற வேண்டிவரும், புத்தகம் தள்ளிப்போகும் என்ற பயம் அந்த அறையில் இருந்த ஒவ்வொருவர் முகத்திலும் தெரிந்தது. என்ன படிக்கப்பட்டது என்று என்னைக் கேட்டார்கள். பாரம் வரைக்கும்தான் எங்கள் காதில் விழுந்தது, அதற்குள் இணைப்பு போய்விட்டது என்றேன். பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு, இணைப்பு போனதைக் காற்றில் விட்டுவிட்டார்கள். கை தூக்கச் சொன்னபோது என்னுடையதும் இன்னொருவருடையதும் மட்டும் பிராங்கிளின் பக்கம் எழுந்தன.

"போட்டுக்கோங்க" என்றார் பிராங்கிளின். அச்சுப்படியை மடிக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

கீழே இறங்கி, எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்றோம். கவிதையை எடுத்துவிடச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். எடுத்தால் புத்தகத்தில் அவள் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை, கொட்டகைக்காரிகள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்றார். டீ ஆறிக்கொண்டிருந்தது. திடீரென்று அவர் முகம் தெளிந்தது.

"நைனா, ரிலீஸு பங்ஷன்ல எல்லாரும் படிக்கணும்தான? நான் முழுசா படிப்பேன். மைக்ல. அவ முன்னாடி ஒக்காந்து கீறப்போ. படிச்சதுதான கவித? அண்ணாச்சி இன்னா பண்ணுவாரு?"

சட்டப்படி பார்த்தால் அதில் குற்றம் இல்லை. நானும் யோசித்துப் பார்த்து, செய்யலாம் என்றேன். அதுவரைக்கும் ஹெப்சிபாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தார். அச்சில் இல்லை என்று முன்னாடியே தெரிந்தால் அவள் வரவே மாட்டாள், நேரில் கேட்டால் அச்சைப் பற்றிக் கவலைப்பட மாட்டாள் என்பது அவர் கணக்கு.

வெளியீட்டு விழா ராயபுரத்தில் ஒரு சிறிய மண்டபத்தில் நடந்தது, சாயங்கால நேரம். அதற்காக பிராங்கிளின் முன்கூட்டியே லீவு சொல்லியிருந்தார். அவருக்குப் பதிலாக ஓட்ட வேண்டியவருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. பெட்டி அன்றே உள்ளே போக வேண்டும், இல்லையென்றால் கப்பல் போய்விடும் என்று முதலாளி காலில் விழாத குறையாகக் கெஞ்சினாராம். காலையில் போனால் மதியத்துக்குள் இறக்கிவிட்டு வந்துவிடலாம் என்று ஏறினார். முன்னால் எங்கோ ஒரு டிரெய்லருக்கு அச்சு முறிந்து, குறுக்கே சாய்ந்து நின்றது. அதற்குப் பின்னால் வரிசை அப்படியே உறைந்துவிட்டது.

இது எனக்குத் தெரியவந்தபோது மண்டபத்தில் நாற்காலிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. ஹெப்சிபா வந்துவிட்டார். கூடவே கொட்டகையிலிருந்து மூன்று பெண்கள், எல்லோரும் பண்டிகைப் புடவையில். கையில் ஒரு ஒயர் கூடை, அதில் டிபன் கேரியர். விழா முடிந்து புருஷனோடு கடற்கரைப் பக்கம் போய்ச் சாப்பிடலாம் என்று கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

புத்தகத்தை வாங்கியதும் மூன்று பெண்களும் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். பிராங்கிளினின் பக்கத்தை அவர் கண்டுபிடித்தார். உதடு அசையப் படித்தார். பாரம் வரை வந்து, விரலைக் கீழே இறக்கினார். அங்கே வெற்றுக் காகிதம். பக்கத்தைத் திருப்பினார். அண்ணாச்சியின் மழை. மறுபடி முன்பக்கத்துக்கு வந்தார். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று நகத்தால் ஓரத்தைப் பிரித்துப் பார்த்ததை நான் மேடையோரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு என்னிடம் வந்தார். "அங்கிள், இன்னொரு பக்கம் இல்லியா?"

இல்லை என்றேன். அவர் நேரிலேயே முழுக்கப் படிக்கத்தான் இருந்தார், வரிசையில் மாட்டிக்கொண்டார், இப்போது போனில் படிப்பார் என்றும் சொன்னேன். ஹெப்சிபா புத்தகத்தை மூடினார்.

"இன்னிக்குமா" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

பிராங்கிளினின் முறை வந்தபோது டெரிக் போன் போட்டு, அதை மைக்கோடு சேர்த்துப் பிடித்தார். இந்த முறை குரல் மண்டபம் முழுக்க நிறைந்தது. பின்னால் ஹாரன் இல்லை. உறைந்துபோன வரிசையில் ஹாரன் அடித்துப் பயனில்லை என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள் போலும். கடல் சத்தம்கூடக் கேட்டது. பல் விளக்குகிறவனும் துணி காயப்போடுகிறவனும் வந்தார்கள். கூட்டம் லேசாகச் சிரித்தது. பெட்டி வந்தது. சீல் வந்தது.

பாரம் மட்டும் தெரியும்.

அங்கே அவர் மூச்சு வாங்கினார். அடுத்த சொல் பெயர் என்பதால் நிறுத்தியிருப்பார். அந்த மூச்சுக்குள் மண்டபம் கைதட்டிவிட்டது. புத்தகத்தில் பார்த்துக்கொண்டே கேட்டவர்கள் அவர்கள். முடிந்துவிட்டது என்று அவர்களுக்குத் தெரியும். முன்வரிசையில் அண்ணாச்சி தாராளமாகத் தட்டினார். சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். கார்குழலியும் தட்டினார். அவர் முகத்தில் இருந்தது வெற்றி இல்லை, நிஜமான சந்தோஷம். நான் கையை ஆட்டி நிறுத்தச் சொன்னேன். நானும் பாராட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள். மைக்கில் அவர் குரல் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. ஒரு சொல்கூடப் பிரிந்து கேட்கவில்லை.

ஹெப்சிபா எப்போது மேடை ஏறினார் என்று நான் கவனிக்கவில்லை. கூடை கையிலேயே இருந்தது. டெரிக்கின் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டு, மறு காதை உள்ளங்கையால் பொத்தினார்.

"இன்னாது? திரும்பச் சொல்லு. இங்க ஒரே கலீஜா சத்தம்."

கைதட்டல் குழம்பி நின்றது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். எனக்கு ஒரு பக்க முகம் மட்டும் தெரிந்தது. இரண்டு தடவை தலையை ஆட்டினார். கார்குழலி என் பக்கம் சாய்ந்து, முழுசா சொல்லிட்டாரா என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றேன். கேட்டிருந்தால் எழுதியிருப்பேன்.

"சரி" என்றார் ஹெப்சிபா போனில். "தட்டறதுன்னா மெதுவாத் தட்டு. பக்கத்து வூட்டுக்காரியும் எந்திரிச்சிக்கறா." பிறகு, "எங்க நிக்கற? எந்த ஸ்டாப்பிங்காண்ட?"

பதிலைக் கேட்டுக்கொண்டு போனை டெரிக்கிடம் நீட்டினார். படியிறங்கி நாற்காலிகளுக்கு நடுவே நடந்தார். முழுப் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்த ஏமாற்றத்தில் கொட்டகைப் பெண் ஒருத்தி கேட்டாள், மண்டபத்துக்கே கேட்கும்படியாக.

"இன்னாக்கா, இதுல உன் பேரே இல்லியே?"

"அதுல இல்ல" என்றார் ஹெப்சிபா. "எந்திரி. சோறு ஆறிடும்."

விழா அரைமணி நேரம் மேலும் நடந்தது. அண்ணாச்சி விருத்தம் முழுவதையும் படித்தார், நான்கு அடியையும். யாரும் தடுக்கவில்லை. வெளியே வரும்போது, படித்ததுதான் கவிதை என்றால் பிராங்கிளின் இன்று படித்தது எதுவரை என்று அவரே என்னைக் கேட்டார். ஒரே ஒருவர் கேட்டால் அது கூட்டத்தில் படித்ததாகுமா என்பது அவர் சந்தேகம். புத்தகம் இரண்டாம் பதிப்பு வந்தால் பார்க்கலாம் என்று கார்குழலி சொன்னார். கவிதைப் புத்தகம் இரண்டாம் பதிப்பு வருவதைப் பற்றி டெரிக் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

நான் வீட்டுக்குப் போகும் பஸ் எக்ஸ்பிரஸ் ரோட்டு வழியாகத்தான் வந்தது. வரிசை இன்னும் நகரவில்லை. ஒவ்வொரு வண்டியின் பின்பக்கத்திலும் ஏதோ ஒரு வரி எழுதியிருந்தது. கேபின் ஒன்றில் விளக்கு எரிந்துகொண்டிருக்க, பண்டிகைப் புடவையோடு ஒரு பெண் ஏணிப்படியில் கால் வைத்து, டிபன் கேரியரை மேலே எட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதற்குள் முன்வண்டி நகர்ந்துவிட்டது போல. பின்னால் இருந்தவன் ஹாரன் அடிக்க ஆரம்பித்தான்.